ஓமத்தண்ணீரின் மோதிரம்

இப்போது கடையில் ஓமத்தண்ணீர்ப் போத்தல் எதை எடுத்தாலும், அநேகமாக அதன் கழுத்துக்குக் கீழே ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது: "குலுக்கிய பின் குடிக்கவும்." நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வாரத்தில், ஆய்வுக்கூடத்தில் எனக்குப் பின் வந்தவர்கள் இதைப் பற்றிக் கேட்டார்கள். இந்த வாக்கியம் நம் கூடத்திலிருந்துதான் போனதாமே, மெய்தானா என்றார்கள். மெய்தான். ஆனால் எப்படிப் போனது என்பதை ஒரு கோப்பைத் தேநீருக்குள் சொல்லி முடிக்க முடியவில்லை. பாதியில் நிறுத்தியது வீடு வரை கூடவே வந்தது. உட்கார்ந்தால் எழச் சொல்கிறது, எழுந்தால் நடக்கச் சொல்கிறது. எழுதிவிடுவதே மேல்.

நான் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லைன் வீடுகளில் பிறந்தவன். பள்ளிக்கூடம் முடித்ததும் கோலாலம்பூரில் ஒரு தமிழ்ப் பத்திரிகைக்குக் கோர்ட்டுச் செய்தி எழுதிக்கொண்டிருந்தேன். பத்திரிகை நின்றுபோனது. ஐரோப்பிய யுத்தம் முடிந்த புதிதில் ஒரு ரசாயன ஆய்வுக்கூடத்தில் உதவியாளனாகச் சேர்ந்தேன். முதல் சில வருஷங்கள் குப்பி கழுவுவதிலும், பாலில் தண்ணீர் பார்ப்பதிலும், நெய்யில் கொழுப்பு பார்ப்பதிலும் போயின. அவற்றைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை.

எனக்கு மேலிருந்தவர் அருளம்பலம், யாழ்ப்பாணத்துக்காரர். கூடத்துத் தலைவரான துரை அடிக்கடி லீவில் சீமைக்குப் போய்விடுவார். அப்போதெல்லாம் கையெழுத்து அருளம்பலத்தினுடையது. மெலிந்த மனிதர், மெல்லிய குரல். சோதனைக்கு எந்த மாதிரி வந்தாலும் முதலில் போத்தலைத் தொடமாட்டார். மேஜையைச் சுற்றி ஒரு நடை நடந்து, நாலு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். வாசனை விஷயத்தில் அவரைப் போலக் கண்டிப்பானவரை நான் கண்டதில்லை. கூடத்துக்குள் வெற்றிலை கூடாது. தலைக்கு வாசனை எண்ணெய் கூடாது. ஒரு வெள்ளிக்கிழமை நான் நெற்றியில் சந்தனத்தோடு வந்துவிட்டேன்.

"ஐசே, கோயிலாலை வாறீரோ?"

"ஆமாம் சார்."

"சாமி கும்பிடுறது நல்லது. ஆனா இப்ப ஒரு எண்ணெயை மணந்து பாக்கப் போறீர். சந்தனம் வழிவிட்டால்தானே எண்ணெய் உம்மடை மூக்குக்கு வந்துசேரும்? போய்க் கழுவிப்போட்டு வாரும்."

அவருடைய இன்னொரு வழக்கம், நாம் எதைச் சொன்னாலும் ஒரே கேள்வி கேட்பது: "தெரிஞ்சதோ, நினைச்சதோ?" இரண்டில் ஒன்றைச் சொல்லாமல் அவர் முன்னிருந்து நகர முடியாது. பத்திரிகையில் இருந்தபோது ஆசிரியர் இதையே வேறு சொற்களில் கேட்பார், அதனால் எனக்கு அது புதிதல்ல. புதிதாக இருந்தது அவர் காத்திருக்கும் விதம். பதில் வரும்வரை இமைகூட அசையாது.

அந்தப் போத்தல் ஒரு மழைக்காலத்தில் வந்தது. பழைய பிராந்திப் போத்தல், தக்கை மேல் போலீஸ் அரக்கு. மூன்றில் ஒரு பங்கு காலி. கூட வந்த தாளில் இருந்த விவரம் இவ்வளவுதான்: கிள்ளானுக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில், பிள்ளை பெற்ற சில நாளில் ஒரு பெண் இதிலிருந்து ஓமத்தண்ணீர் குடித்தாள், சற்று நேரத்தில் நினைவிழந்தாள். இதில் விஷம் இருக்கிறதா?

தோட்டத்துக் கூலிகளின் வரிசை வீடுகளான லயங்களில் ஓமத்தண்ணீர் இல்லாத வீடு அந்நாளில் இல்லை. ஓம விதையைத் தண்ணீரோடு செம்பு வாலையில் போட்டுக் காய்ச்சுவார்கள். எழும் ஆவியைக் குளிரவைத்தால் தண்ணீர் சொட்டும், அதோடு விதையின் எண்ணெயும் சொட்டும். வயிற்று உப்புசம், கடுப்பு, செரியாமை, பிள்ளை பெற்றவளின் வாயு என்று எதற்கும் முதலில் தேடுவது அதைத்தான். அந்த எண்ணெயின் காரமெல்லாம் ஓம உப்பு என்ற பொருளில் இருக்கிறது. டாக்டர்கள் அதைத் தைமால் என்பார்கள். தோட்டத்து ஆஸ்பத்திரிகளில் கொக்கிப்புழுவுக்கு அதையே தூளாகக் கொடுத்துவந்தார்கள். சிறு அளவில் வயிற்றை ஆற்றும், அளவு மீறினால் ஆளைச் சாய்க்கும்.

திரவ மாதிரி எடுப்பதற்கு எங்களிடம் இருந்த முறை ஒன்றே. உறிஞ்சு குழாயைப் போத்தலின் நடுவரை இறக்கி, அங்கிருந்து உறிஞ்ச வேண்டும். மேலே தூசி மிதக்கும், அடியில் வண்டல் தங்கும், நடுதான் நேர்மையானது என்பது அதற்கு அருளம்பலம் சொன்ன காரணம். நான் அப்படியே எடுத்தேன். ஈதரில் கலக்கி, ஈதரைப் பறக்கவிட்டு, மிச்சத்தை நிறுத்தேன். ஏறக்குறைய ஒன்றுமில்லை. நல்ல ஓமத்தண்ணீரில் இருக்க வேண்டியதைவிடவும் குறைவு. அருளம்பலம் தாமும் ஒரு முறை செய்து பார்த்துவிட்டுக் கையெழுத்திட்டார்: விஷம் இல்லை, மிகவும் வலுக்குறைந்த ஓமத்தண்ணீர்.

அத்தோடு விட்டது என்று நினைத்தோம். மூன்றாவது நாள் அந்தத் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் மாணிக்கம், ஒரு கான்ஸ்டபிளோடு ரயிலேறி வந்தார். கையில் இன்னொரு போத்தல்.

"வயித்தக் கழுவுனப்ப வந்தது சார். எங்க ஆஸ்பத்திரியில இத ஒருத்தன் மோந்து பாத்துட்டு ஓடியே போயிட்டான்."

"பொம்பிளை எப்பிடி?" என்றார் அருளம்பலம்.

"பொழச்சிட்டா. இன்னும் எந்திரிக்கல. ஆனா சார், ஒண்ணு புரியல. அதே லயத்துல அஞ்சு பொம்பளைங்க அதே போத்தல்லருந்து குடிச்சிருக்காங்க. ஒருத்திக்கும் ஒண்ணும் ஆகல. ஏப்பம் விட்டுட்டு ரப்பர் பால்வெட்டுக்குப் போயிட்டாங்க."

பிள்ளை பெற்றவளுக்கு வீட்டார் ஒரு மூடி பிராந்தியும் கொடுத்திருந்தார்கள் என்றார் மாணிக்கம். அது தோட்டத்து வழக்கம். ஓம உப்போடு சாராயம் சேர்ந்தால் உடம்பில் இரட்டிப்பாக ஏறும் என்பதை ஆஸ்பத்திரிகளில் அறிந்திருந்தார்கள். ஆனால் ஓம உப்பே இல்லாத தண்ணீரில் பிராந்தி எதை ஏற்றும்?

மாணிக்கம் கொண்டுவந்ததை நானே சோதித்தேன். ஐஸ் பாக்டரியிலிருந்து உமியில் புதைத்து வந்த பனிக்கட்டியில் குப்பியை வைத்து, ஓம உப்பின் ஒரு துகளை உள்ளே போட்டேன். துகளைச் சுற்றி ஊசி ஊசியாக வெள்ளைப் படிகம் படர்ந்தது. கண்ணெதிரே குப்பியின் பாதி வெளுத்தது. ஓம உப்பு நிறையவே இருந்தது.

போலீஸுக்கு இது போதுமானதாக இருந்தது. தண்ணீரை விற்றவள் ரெங்கம்மா, கிள்ளான் பாசார்ச் சந்தையில் கடை போட்டிருந்த விதவை. கொழும்பு வழியாகக் கூலிக்கு வந்து, புருஷன் இறந்த பின் வாலை ஒன்று வாங்கிச் சொந்தமாக வடிக்க ஆரம்பித்தவள். அவள் ஆஸ்பத்திரித் தைமால் தூளைத் திருட்டுத்தனமாக வாங்கி, வலுவில்லாத தன் தண்ணீரை வலுவாக்க அந்தப் போத்தலில் கலந்துவிட்டாள், சரியாகக் கரையாத தூள் ஒருத்தியின் பங்கில் மொத்தமாக விழுந்துவிட்டது என்பது இன்ஸ்பெக்டரின் கணக்கு. எங்கள் முதல் அறிக்கை "வலுக்குறைந்தது" என்று சொன்னதும் அவளுக்கே எதிராகத் திரும்பியது. ருசுவானால் சிறை. சிறை முடிந்ததும் நாகப்பட்டினத்துக்குக் கப்பல். இங்கே பிறந்த மகளை என்ன செய்வது என்று எந்தத் தாளிலும் இல்லை.

அவளை ஜாமீனில் விட்டிருந்தார்கள். கிள்ளானிலிருந்து வந்து எங்கள் கேட்டுக்கு எதிரே மழைமரத்தடியில் நிற்பாள். வழக்கின் கட்சிக்காரர்களோடு கூடத்து ஆட்கள் பேசக்கூடாது என்பது விதி. நான் பேசவில்லை. அவள் பேசினாள்.

"என் தண்ணியில நான் என்னா போட்டேன்னு எனக்கே தெரியல. நீங்களாவது சொல்லுங்கய்யா."

நான் குடையைச் சாய்த்துக்கொண்டு நடந்தேன்.

"ஐயா பேசமாட்டாரு," என்று பக்கத்தில் கச்சான் கடலை விற்றவளிடம் சொன்னாள். "ஜன்னல் வழியா பாத்தேன். நாளெல்லாம் வாயில கண்ணாடிக் குழாய வச்சிக்கிட்டு உறிஞ்சிக்கிட்டே இருக்காரு. வாய எடுத்தாத்தான பேச?"

கச்சான்காரி சிரித்தாள். நான் ரயில் பாதை வரை போய்த் திரும்பினேன். மறுநாள் வேறு வழியாகப் போனேன். அதற்கு மறுநாள், வேறு வழியாகப் போவதே எரிச்சலாக இருந்ததால், பழைய வழியிலேயே போனேன். அங்கேயே நின்றாள்.

அருளம்பலம் மட்டும் மேஜையை இன்னொரு தரம் சுற்றி வந்தார்.

"ஆஸ்பத்திரித் தூள் எண்டால் அதிலை ஓம உப்பு மட்டும்தான் இருக்கும். விதையிலை இருந்து வந்தது எண்டால்?"

"விதை எண்ணெயில் ஓம உப்பு பாதிதான் சார். மீதி வேறு எண்ணெய்."

"அப்ப மற்றப் பாதியைத் தேடும்."

வழி எளிதானது. நீண்ட, கோடு போட்ட கழுத்துள்ள குடுவையில் எண்ணெயை ஊற்றி, காஸ்டிக் சோடாக் கரைசலைச் சேர்த்துக் குலுக்க வேண்டும். ஓம உப்பு சோடாவில் கரைந்து கீழே போய்விடும். வேறு எண்ணெய் இருந்தால் மேலே கழுத்துக்கு ஏறி நிற்கும். தூளாக இருந்தால் கழுத்து வெறுமையாக இருக்கும். வயிற்றிலிருந்து வந்ததைப் பிரித்தெடுத்துக் குடுவையில் விட்டேன். குலுக்கினேன். நிறுத்தினேன். கழுத்தில் மஞ்சளாக ஒரு துண்டு எண்ணெய் மெதுவாக ஏறி நின்றது. அவர் குனிந்து கோட்டை வாசித்தார், மறுபக்கம் வந்து மறுபடியும் வாசித்தார்.

"தூளில்லை," என்றார். "விதை எண்ணெய். இது தெரிஞ்சது."

"அப்ப அந்தம்மா மேல் குற்றமில்லையா, சார்?"

"அது நினைச்சது. போத்தலிலை இல்லாத எண்ணெய் வயித்துக்குள்ளை எப்பிடி வந்தது? அதைச் சொல்லாமல் இதை மட்டும் சொன்னால், எண்ணெயைத் தனியா வடிச்சுக் கலந்தவள் எண்டு சொல்லுவினம். தூளைவிட அது மோசம்."

அந்த வாரம் எனக்கு எதிலும் கை நிலைக்கவில்லை. தராசின் முன் உட்கார்ந்தால் கேட் தெரிந்தது. மாலையில் மஸ்ஜித் இந்தியா பக்கம் போய், மசாலாக் கடைகளில் ஓம விதையை முகர்ந்து பார்த்துக்கொண்டு அலைந்தேன். எல்லாக் கடையிலும் விதை விதையாகவே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கிள்ளானுக்கு ரயில் ஏறினேன்.

ரெங்கம்மாவின் கடை பூட்டிக் கிடந்தது. நாலு கடை தள்ளி ஒரு நாகூர் பாய் ஓமத்தண்ணீர் வைத்திருந்தார். வாங்க வந்த ஒருவர் போத்தலின் அடியைப் பிடித்து, வெயிலுக்கு நேரே தூக்கி, ஒரு கண்ணை மூடிக் கழுத்தைப் பார்த்தார். பிறகு கீழே வைத்தார்.

"என்னா பாய், மோதிரம் இல்ல?"

"நேத்துதான் மாட்டுவண்டியில வந்துச்சு, ஆட்டத்துல கலைஞ்சிருச்சு. நாளைக்கு வா, கட்டிரும்."

"போன தடவையும் இதத்தான் சொன்னீங்க."

"போன தடவ நீ மறுநாள் வரலியே. மோதிரம் உன்னத் தேடிக்கிட்டா வரும்?"

வந்தவர் சிரித்துக்கொண்டே அடுத்த கடைக்கு நகர்ந்தார். நான் பாயிடம், மோதிரம் என்றால் என்ன என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பலகையின் பின் வரிசையிலிருந்து ஒரு போத்தலை இரண்டு கையாலும் எடுத்தார், விளக்கைத் தூக்குவது போல. தண்ணீர் பளிங்காக இருந்தது. கழுத்துக்குள் விரற்கடை உயரத்துக்கு மஞ்சள் எண்ணெய் வளையமாக நின்றது.

"இது இருந்தாத்தான் சாமான் அசல். கலங்கியிருந்தா கஞ்சித்தண்ணி ஊத்திட்டான்னு ஒருத்தன் வாங்கமாட்டான். ரெங்கம்மா சரக்குல எப்பவும் தடிச்ச மோதிரம். பாவம், கை சுத்தமான பொம்பள."

"வாங்கினவர்கள் இதைக் குலுக்கித்தானே குடிப்பார்கள்?"

"குலுக்கறதா? காசு குடுத்து மோதிரம் வாங்கிட்டு ஒடைப்பானா? சாமி படத்தடியில வச்சிருவாங்க தம்பி, ஆடாம."

திங்கட்கிழமை காலை அருளம்பலம் கோட்டைக் கழற்றும் முன்பே எல்லாவற்றையும் சொன்னேன். கழற்றிய கையை மறுபடி கோட்டுக்குள் விட்டபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"தெரிஞ்சதோ, நினைச்சதோ?"

"பார்த்தது, சார்."

"பாத்தது தெரிஞ்சதிலை பாதி. மற்றப் பாதி அவவின்ரை போத்தலிலை இருக்கவேணும்."

அவளுடைய கடையிலிருந்து கைப்பற்றிய திறக்காத போத்தல்கள் கிள்ளான் போலீஸ் ஸ்டேஷனில் இருந்தன. அவற்றை ரயிலில் கொண்டுவந்தால் குலுங்கிவிடும். ஆகவே கூடத்தை விட்டு வெளியே எங்கும் போகாத அந்த மனிதர், தராசுப் பெட்டியையும் குழாய்களையும் எடுத்துக்கொண்டு கிள்ளானுக்குப் புறப்பட்டார். பெட்டியை மடியிலேயே வைத்திருந்தார். வழியில் ஒரு தடவை, தாமாகவே, "நடு," என்றார். சற்றுப் பொறுத்து, "நடு நேர்மையானது எண்டு ஆர் சொன்னது?" என்றார். சொன்னது அவர்தான்.

இன்ஸ்பெக்டர் வெள்ளைக்காரர், எரிச்சலிலிருந்தார். அறிக்கை ஒன்று ஏற்கெனவே கொடுத்தாயிற்றே, இன்னொன்று எதற்கு என்றார். முதலாவது தப்பில்லை, முழுசுமில்லை என்றார் அருளம்பலம். மாணிக்கமும் வந்திருந்தார். பிள்ளைப்பேற்று வீட்டில் ஓமத்தண்ணீரை யார், எப்படி ஊற்றுவார்கள் என்று அவரிடம் கேட்டார்.

"மொத ஊத்து பிள்ள பெத்தவளுக்குத்தான் சார். மருத்துவச்சி ஊத்துவா. அதுக்கு அளவெல்லாம் கெடையாது, தாராளமா. அப்புறந்தான் மத்தவங்களுக்கு, கரண்டிக் கணக்கு."

"குலுக்குறதோ?"

"ஐயோ, போத்தல சாய்க்கிறதே மெதுவாத்தான்."

ஸ்டேஷன் அலமாரியில் வரிசையாக நின்ற போத்தல்களில் எல்லாம் மோதிரம் இருந்தது. ஒன்றை அசைக்காமல் இறக்கினோம். மருத்துவச்சி சாய்ப்பது போல மாணிக்கம் சாய்த்தார். முதல் ஊற்று ஒரு கோப்பையில், அடுத்தடுத்தவை வேறு கோப்பைகளில். முதல் கோப்பையில் விழுந்தது தண்ணீரல்ல, ஏறக்குறைய முழுக்க எண்ணெய். மீதியை நான் அங்கேயே பெஞ்சில் வைத்து ஈதரில் கலக்கினேன். கிடைத்த எடை, நாங்கள் அனுப்பிய முதல் அறிக்கையில் இருந்த எடைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. இன்னொரு போத்தலைக் குலுக்கிவிட்டு ஊற்றினோம். பால் போல் கலங்கிய அந்தத் தண்ணீரில் எந்தக் கோப்பையை எடுத்தாலும் அளவு ஒன்றாகவே இருந்தது, ஆளைச் சாய்க்காத அளவு. இன்ஸ்பெக்டர் கோப்பைகளை முகர்ந்து பார்த்தார். முதல் கோப்பையில் இருமல் வந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார்.

கோர்ட்டில் அரசுத் தரப்பு வக்கீல், முதல் அறிக்கை பிழையானதா என்று கேட்டார். "அது போத்தலின் நடுப்பகுதியைப் பற்றிய அறிக்கை," என்றார் அருளம்பலம். "இது முழுப் போத்தலைப் பற்றியது. நாங்கள் முதலிலேயே முழுப் போத்தலையும் பார்த்திருக்க வேண்டும்." அவர் குரல் மெல்லியது. மாஜிஸ்திரேட் மறுபடி சொல்லச் சொன்னார். அவர் மறுபடியும் சொன்னார், அதே குரலில்.

ரெங்கம்மாவை விட்டுவிட்டார்கள். கப்பல் இல்லை. ஒரு நிபந்தனை: இனி விற்கும் ஒவ்வொரு போத்தலிலும் குலுக்கிக் குடிக்கும்படி எழுதி ஒட்டவேண்டும். வாக்கியத்தை எங்கள் கூடம் எழுதிக் கொடுத்தது. தமிழ் என்னுடையது. பிற்பாடு அதே நிபந்தனை மற்றக் கடைகளுக்கும் வந்தது.

வராந்தாவில் அவள் மகள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வழக்கு முடிந்ததால் விதி எங்களைத் தடுக்கவில்லை.

"ஐயா பேசுவாரா இன்னிக்கு?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். பிறகு அருளம்பலத்திடம் திரும்பினாள். "நீங்க நல்லா இருக்கணும் சாமி. ஆனா குலுக்குனா கலங்குமே. கலங்குனா எவன் வாங்குவான்? என் சனத்துல எத்தன பேருக்குப் படிக்கத் தெரியும்?"

அவர் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"அது ரசாயனமில்லை, பிள்ளை. அதுக்கு என்னட்டை மருந்தில்லை," என்றார்.

இந்த வழக்கினால்தான், வயிற்று நோய்க்கு ஓம எண்ணெய் உண்மையிலேயே உதவுகிறதா என்று முறையாகப் பார்க்க எங்களுக்கு உத்தரவு வந்தது. அளவு குறித்த எண்ணெயை நாங்கள் போத்தலில் அடைத்து அனுப்புவோம். மாணிக்கம் குலுக்கிக் கொடுத்து, நடந்ததை எழுதி அனுப்புவார். உப்புசமும் வலியும் தணிந்தன, பசி எடுத்தது. வயிற்றுக்கடுப்பில் ரத்தம் போனவர்களுக்கு ஒன்றும் செய்யவில்லை. பாசாரில் கூவி விற்றது போலக் காலராவையும் அது தொடவில்லை. அருளம்பலம் இரண்டையும் ஒரே அளவு எழுத்தில் எழுதினார். துரை சீமையிலிருந்து திரும்பி வந்து படித்துவிட்டு, மாதிரி எடுக்கும் விதியில் "நடு" என்ற சொல்லை அடித்து, "நன்கு குலுக்கிய பின்" என்று எழுதினார். அந்த விதி இன்றும் சுவரில் இருக்கிறது.

சில காலத்துக்குப் பின் வேறு வேலையாகக் கிள்ளான் போனபோது பாசார் வழியாக நடந்தேன். ரெங்கம்மா கடையைத் திறந்திருந்தாள். எல்லாப் போத்தலிலும் என் வாக்கியம் ஒட்டியிருந்தது. ஒருவர் போத்தலை எடுத்து வெயிலுக்கு நேரே தூக்கினார். அவள் அதை அவர் கையிலிருந்து வாங்கி, நன்றாகக் குலுக்கி, கலங்கியதைத் திருப்பிக் கொடுத்தாள். அவர் அதைப் பலகையில் வைத்துவிட்டு, நாலு கடை தள்ளி பாயிடம் போனார்.

அவள் வரிசையின் முதல் போத்தலை எடுத்துக் குலுக்கி வைத்தாள், பிறகு அடுத்ததை, பிறகு அதற்கடுத்ததை. யாரும் வாங்கவில்லை. கடைசிப் போத்தலை அவள் குலுக்கி வைத்தபோது முதல் போத்தல் தெளிய ஆரம்பித்திருந்தது. அவள் மறுபடி முதலிலிருந்து எடுத்தாள்.